அணையா விளக்கின் கதை
(சிங்கப்பூர் மின்சாரம் சமநிலை காத்த வரலாறு)

 

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, சோழர் கடற்படையைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு சிறுவன் கேட்ட கேள்வி என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

சென்ற தீபாவளிக்கு முன்பு நம் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களை ஜொகூர் பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றோம். தேக்கா சந்தையைச் சுற்றிப் பார்த்தோம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டோம். இருட்டியதும் சாலைக்கு மேலே தீபாவளி அலங்கார வளைவுகள் ஒரே நேரத்தில் ஒளிவிட்டன. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அப்போது ஒரு பையன் என் கையைப் பிடித்து இழுத்து, "சார், பகல்ல அடுக்குமாடி வீட்டுக் கூரையெல்லாம் காட்டி, சூரியன்லேர்ந்து கரண்டு எடுக்கிறாங்கன்னு சொன்னீங்களே. இப்ப சூரியன் போயிடுச்சே, அப்புறம் எப்படி இவ்வளவு லைட்டும் எரியுது?" என்று கேட்டான்.

"நல்ல கேள்வி, பிறகு சொல்றேன்" என்று சமாளித்துவிட்டேன். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தந்திரம் அது! ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பையனுக்கு நான் கொடுக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை. அவன் மட்டும் அல்ல, நாம் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டிய பதில் இது.

எஞ்சின் கொட்டகையில் கற்ற பாடம்

சிங்கப்பூர் கதைக்குப் போகுமுன் நம் தோட்டத்துக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு இது பழைய ஞாபகம், பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

என் தாத்தா ஒரு ரப்பர் தோட்டத்தில் எஞ்சின் கொட்டகை வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு அரசாங்கக் கம்பி வரவில்லை. ஒரு டீசல் எஞ்சின்தான் எல்லாவற்றுக்கும். மாலை 6 மணிக்கு ஓட்டினால் இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். லயத்துக்கு ஒரு வீட்டுக்கு ஒரு பல்பு. துரை பங்களாவுக்கு மட்டும் வேண்டிய அளவு.

மாதம் ஒரு முறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். அன்று தாத்தாவுக்கு உட்கார நேரம் இருக்காது. படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது பங்களாவில் யாராவது பெரிய மின்சாமான் ஒன்றைப் போட்டுவிட்டால் போதும், எஞ்சின் முக்கும். பல்பு மங்கும். திரையில் கதாநாயகன் குரல் இழுத்துக்கொண்டு அழுவதுபோல் கேட்கும். ஜனங்கள், "எஞ்சின்காரரே, தூங்கிட்டீங்களா?" என்று கத்துவார்கள். தாத்தா உடனே எண்ணெயைக் கூட்டிக் கொடுப்பார். படம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கை அணைத்தால் நேர்மாறாக நடக்கும். சுமை குறைந்த எஞ்சின் துள்ளிக்கொண்டு வேகம் எடுக்கும். அப்போது எண்ணெயைக் குறைக்காவிட்டால் மிச்சம் எரியும் பல்பெல்லாம் வெடித்துவிடும்.

"கரண்டு சாக்குல கட்டி வைக்கிற அரிசி இல்லடா. எவ்வளவு எரியுதோ அவ்வளவுதான் அந்த நேரத்துல அரைக்கணும். கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து" என்று தாத்தா சொல்வாராம். அவர் கருவி எதையும் பார்க்க மாட்டார். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே சரி செய்வார்.

அன்பர்களே, மின்சார உலகத்தின் முதல் விதியைத்தான் என் தாத்தா சொன்னார். ஒரு தோட்டமானாலும் ஒரு நாடானாலும் விதி ஒன்றுதான். உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை அலைகிறது. அதை 50 ஹெர்ட்ஸ் என்பார்கள். சுமை ஏறினால் அந்த 50 குறையும். சுமை இறங்கினால் கூடும். படத்தில் குரல் இழுத்ததே, அது இந்த எண் குறைந்த சத்தம்தான்! நாடு முழுவதற்கும் அந்த எண்ணை 50க்கு மிக அருகிலேயே பிடித்து வைப்பதுதான் மின்கட்டமைப்பைக் காக்கும் வேலை.

டிராம் வண்டி கொண்டுவந்த வெளிச்சம்

சிங்கப்பூர்த் தெருக்களில் முதலில் எரிந்தது தேங்காய் எண்ணெய் விளக்கு. 1864ஆம் ஆண்டு எரிவாயு விளக்கு வந்தது. காலாங் எரிவாயு ஆலையிலிருந்து குழாய் வழியாக வாயு வந்தது.

மின்சாரம் வந்த கதை வேடிக்கையானது. அது விளக்குக்காக வரவில்லை, வண்டிக்காக வந்தது! 1905ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க டிராம் கம்பெனி மெக்கன்சி சாலையில் ஒரு மின் நிலையம் கட்டியது. மெக்கன்சி சாலை எங்கே இருக்கிறது தெரியுமா? இன்றைய லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான். மறு ஆண்டு, 1906இல், நகராட்சி அந்தக் கம்பெனியிடமிருந்து மின்சாரம் வாங்கி, நகரின் முக்கியத் தெருக்கள் சிலவற்றில் மின்விளக்கு ஏற்றியது. ஆக, நம் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த தீபாவளி விளக்குகளுக்கு மூத்த பாட்டன் அதே பேட்டையில்தான் பிறந்திருக்கிறான்!

டிராமுக்குப் போக மிச்சம் இருந்ததைத்தான் தெருவுக்குக் கொடுக்க முடிந்தது. ஊர் வளர வளர அது போதவில்லை. ஆகவே நகராட்சி கெப்பல் துறைமுகத்துக்கு அருகே செயின்ட் ஜேம்ஸ் என்ற இடத்தில் சொந்தமாக ஒரு பெரிய மின் நிலையத்தை எழுப்பியது. 1927இல் அது வேலைக்கு வந்தது. கப்பலில் வந்த நிலக்கரியை எரித்து, நீராவி உண்டாக்கி, அந்த நீராவியால் சக்கரம் சுற்றி மின்சாரம் எடுத்தார்கள். அதே 1927இல் டிராம் வண்டிகள் ஓய்வு பெற்றன. வண்டிக்காக வந்த மின்சாரம் வண்டி போன பிறகும் தங்கிவிட்டது. செயின்ட் ஜேம்ஸ் கட்டடம் இன்றும் நிற்கிறது. 2009இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள்.

உலகப் போருக்குப் பிறகு சிங்கப்பூரில் மின்சாரத் தேவை பெருகியது. 1950களின் தொடக்கத்தில் பாசிர் பாஞ்சாங்கில் இன்னொரு நிலையம் வந்தது. 1963இல் மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றையும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவரப் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. கம்பத்து வீடுகளுக்கும் கம்பி இழுத்தார்கள். ஜூரோங்கில் தொழிற்சாலைகள் முளைத்தன. ஜூரோங், செனோக்கோ, புலாவ் செராயா என்று ஒன்றன்பின் ஒன்றாக எண்ணெய் எரிக்கும் பெரிய நிலையங்கள் வந்தன.

பிறகு எண்ணெயின் இடத்தை இயற்கை எரிவாயு பிடித்தது. 1992இல் நம் மலேசியாவிலிருந்து குழாய் வழியாக எரிவாயு போகத் தொடங்கியது. 2001 முதல் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தது. குளிரவைத்துத் திரவமாக்கிய வாயுவைக் கப்பலில் இறக்கும் துறை 2013இல் ஜூரோங் தீவில் திறந்தது. இன்று சிங்கப்பூரின் மின்சாரத்தில் 100க்கு ஏறத்தாழ 95 பங்கு எரிவாயுவிலிருந்துதான் பிறக்கிறது. 2001இல் அமைந்த எரிசக்திச் சந்தை ஆணையம்தான் இன்று நாட்டின் 'எஞ்சின்காரர்'. அதன் கட்டுப்பாட்டு அறையில் இரவு பகலாக ஆட்கள் அந்த 50 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கனமான சக்கரத்தின் பெருமை

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என எரிபொருள் மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. அதுதான் சுற்றும் சக்கரம். மின் நிலையத்தில் பல டன் எடையுள்ள உருளை நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. 60 நொடிக்கு 3,000 என்றால் நொடிக்கு 50. மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள்!

நிரம்பக் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மாடு ஒரு அடி தடுக்கினாலும் வண்டி சட்டென்று நின்றுவிடாது. கனம் அதை இழுத்துக்கொண்டு போகும். அதுபோலத்தான் இந்த உருளைகளும். எங்கோ ஒரு நிலையம் திடீரென்று நின்றுபோனால், மற்ற நிலையங்களின் உருளைகள் தம் கனத்தின் வேகத்தால் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கின்றன. அந்தச் சில நொடிகளுக்குள் கூடுதல் எரிபொருள் கொடுத்து உற்பத்தியை ஏற்றிவிட வேண்டும். அதற்காகவே சில யந்திரங்களை முழுச் சக்தியில் ஓட்டாமல், கொஞ்சம் கையிருப்போடு ஓட்டுகிறார்கள்.

அந்தக் கையிருப்பும் போதாவிட்டால்? கடைசி வழி, சில பேட்டைகளின் மின்சாரத்தைத் தானாகவே துண்டித்துவிடுவது. விரலை வெட்டி உயிரைக் காப்பதுபோல. அப்படிச் செய்யாவிட்டால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு எல்லா நிலையங்களும் விழுந்துவிடும்.

இது கற்பனை அல்ல. 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி நம் தீபகற்ப மலேசியா முழுவதும் இருளில் மூழ்கியதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். திரெங்கானுவில் பாக்கா பக்கம் தொடங்கிய கோளாறு தீபகற்பம் முழுவதையும் கவிழ்த்தது. சிங்கப்பூரில் 2004 ஜூன் 29ஆம் தேதி இந்தோனேசியாவின் நத்துனா எரிவாயு தடைப்பட்டு, பல பகுதிகளில் மின்சாரம் போனது. 2018 செப்டம்பர் 18ஆம் தேதி அதிகாலை 1.18 மணிக்கு உற்பத்தி யந்திரங்கள் நின்றுபோனதால் 1,46,797 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் அறுந்தது. ஆனால் 38 நிமிடங்களுக்குள் எல்லோருக்கும் திரும்ப வந்துவிட்டது. வெட்டிய விரலை 38 நிமிடத்தில் ஒட்டவைத்த கதை அது! நாடு முழுவதும் விழுந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க முடியாது.

சூரியன் வந்தான்

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம்.

எரிவாயு எரித்தால் புகை. அந்தப் புகை உலகத்தைச் சூடாக்குகிறது. கடல் மட்டம் உயர்ந்தால் சிங்கப்பூர் போன்ற சிறு தீவு என்னாகும்? அதோடு வாயு முழுவதும் வெளியூரிலிருந்து வருவது. விலை ஏறினாலும் வாங்கித்தான் தீர வேண்டும். ஆகவே கூரையில் விழும் வெயிலைப் பிடிக்கப் புறப்பட்டார்கள். பெரிய ஆறும் உயர்ந்த மலையும் இல்லாத அந்த ஊருக்கு இயற்கை கொடுத்தது வெயில் ஒன்றுதானே!

2014இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிக் கூரைகளில் சூரியத் தகடுகள் வரிசை வரிசையாக ஏறின. நிலம் போதாததால் தண்ணீரின் மேலும் விரித்தார்கள். 2021 ஜூலையில் தெங்கே நீர்த்தேக்கத்தில் மிதக்கும் சூரியப் பண்ணை திறந்தது. 45 ஹெக்டர் பரப்பில் 1,22,000 தகடுகள். உச்ச வெயிலில் 60 மெகாவாட் கொடுக்கக்கூடியது. 2021இல் அறிவித்த பசுமைத் திட்டத்தில், 2030க்குள் 2,000 மெகாவாட் அளவுக்காவது சூரியத் தகடு வைப்போம் என்று இலக்கு வைத்தார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் எஞ்சின்காரருக்குப் புதிய தலைவலி ஆரம்பித்துவிட்டது.

முதல் தலைவலி இரவு. சூரியன் போனால் தகடு தூங்கிவிடும். ஆனால் இரவு வரும் நேரம் நமக்குத் தெரியும். அதற்குத் தயாராக முடியும்.

இரண்டாவது தலைவலி மேகம். நம் ஊர் வானத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பால் வெட்டப் போகும்போது பளிச்சென்று இருக்கும், வாளியை இறக்குவதற்குள் கொட்டிவிடும். சிங்கப்பூரிலும் அதே வானம்தான். அது சிறிய தீவு. ஒரு பெரிய மேகம் வந்தால் ஊரில் பாதித் தகடுகள் ஒரே நேரத்தில் மங்கிவிடும். சில நிமிடங்களில் உற்பத்தி சரியும், மேகம் நகர்ந்ததும் திரும்ப ஏறும்.

மூன்றாவது தலைவலி கண்ணுக்குத் தெரியாதது. சூரியத் தகட்டில் சுற்றும் சக்கரம் இல்லை! தகட்டில் பிறக்கும் ஒருதிசை மின்சாரத்தை இன்வெர்ட்டர் என்ற பெட்டி அலைமின்சாரமாக மாற்றிக் கம்பியில் விடுகிறது. அதில் கனமும் இல்லை, உருளையும் இல்லை. அப்படிப்பட்ட மின்சாரத்தின் பங்கு கூடக் கூட, தடுக்கும்போது தாங்கிப்பிடிக்கும் கரும்பு வண்டியின் கனம் குறைந்துகொண்டே போகும்.

பட்டு அறிந்தவர்கள்

பிறர் பட்ட அடியிலிருந்து பாடம் படிப்பவனே புத்திசாலி. ஆகவே கொஞ்சம் வெளியே பார்ப்போம்.

2025 பிப்ரவரி 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் ஒரு துணை மின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் வந்த வினை என்று அமைச்சரே சொன்னார். உலகமே சிரித்தது. ஆனால் குரங்கு மட்டுமா குற்றவாளி? ஞாயிற்றுக்கிழமை ஆனதால் செலவு குறைவு. நல்ல வெயில் ஆனதால் சூரிய மின்சாரம் மிகுதி. அதனால் சுற்றிக்கொண்டிருந்த கனமான யந்திரங்கள் குறைவு. ஒரு சின்னத் தட்டலைத் தாங்கக்கூடக் கட்டமைப்புக்குக் கனம் இல்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் தகடு வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அவற்றை அணைத்துவைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. பாருங்கள், வெயில் இருந்தும் அதை வேண்டாம் என்று சொல்லும் நிலை!

தமிழ்நாட்டின் கதை வேறு. கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் கணவாயில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் சுற்றுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மின்சாரம் கொட்டும், காற்று நின்றால் இல்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் அதே ஆனைமலைத் தொடரில் காடம்பாறை என்று ஓர் இடம் உண்டு. 1980களின் பிற்பகுதியில் அங்கே 400 மெகாவாட் நிலையம் ஒன்று அமைத்தார்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவிடுவார்கள். மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் அந்தத் தண்ணீரை இறக்கிச் சக்கரம் சுற்றுவார்கள். மின்சாரத்தைச் சாக்கில் கட்டி வைக்க முடியாது என்றார் தாத்தா. தண்ணீராக மலைமேல் கட்டி வைக்கலாம் என்று காட்டியது காடம்பாறை!

ஆஸ்திரேலியாவின் தெற்கு மாநிலத்தில் 2016 செப்டம்பர் 28ஆம் தேதி புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து மாநிலம் முழுவதும் இருண்டது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் அங்கே 100 மெகாவாட் பேட்டரி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அப்போது உலகிலேயே பெரியது அதுதான். தண்ணீர் ஏற்ற மலை இல்லாதவர்களுக்கு அது வழிகாட்டியது.

சிங்கப்பூர் கண்ட மருந்து

சிங்கப்பூரிலும் உயர்ந்த மலை இல்லை. ஆகவே அவர்களும் பேட்டரி பக்கம் போனார்கள். 2020இல் வூட்லண்ட்ஸ் துணை மின் நிலையத்தில் சிறிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். ஆழம் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார்கள். பிறகு ஜூரோங் தீவில் 2 ஹெக்டர் இடத்தில் 800க்கு மேற்பட்ட பெரிய பேட்டரிப் பெட்டிகளை ஆறே மாதத்தில் அமைத்து, 2023 பிப்ரவரியில் திறந்தார்கள். அதில் 285 மெகாவாட் மணி மின்சாரத்தைச் சேமிக்கலாம். நாலறை வீடுகள் 24,000க்கு ஒரு நாள் முழுவதும் போதுமான அளவு.

ஆனால் அந்தப் பேட்டரியின் முக்கியப் பெருமை அளவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. எரிவாயு யந்திரம் வேகம் எடுக்கச் சில நொடியாவது வேண்டும். பேட்டரி கண் சிமிட்டுவதற்குள் மின்சாரத்தைக் கொட்டிவிடும், மிஞ்சினால் உறிஞ்சியும் கொள்ளும். என் தாத்தாவின் காதும் கையும் சேர்ந்து ஒரு பெட்டிக்குள் போய்விட்டதுபோல!

இரண்டாவது மருந்து முன்னறிவு. சூரிய மின்சாரம் இன்னும் சிறிது நேரத்தில் எவ்வளவு இருக்கும் என்று வானிலைத் தகவல்களைக் கொண்டு கணிக்கும் ஆராய்ச்சியில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் ஈடுபட்டார்கள். மேகம் வருவது முன்கூட்டியே தெரிந்தால் எரிவாயு யந்திரத்தைச் சூடாக்கி வைக்கலாம் அல்லவா?

மூன்றாவது மருந்து அண்டை வீட்டு உறவு. இதில்தான் நாம் வருகிறோம்! ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலுக்கு அடியில் மின்கம்பிகள் போகின்றன. 1980கள் முதல் இரு நாடுகளும் ஆபத்துக்கு ஒருவருக்கொருவர் கைகொடுக்க அவை உதவுகின்றன. 2022இல் அந்தத் தொடர்பு ஏறத்தாழ 1,000 மெகாவாட் தாங்கும் அளவுக்குப் பலப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் லாவோஸ் நாட்டு நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியது. முதலில் 100 மெகாவாட் வரை. 2024 டிசம்பரில் மலேசியாவின் பசுமை மின்சாரம் 50 மெகாவாட் போகத் தொடங்கியது. 2035க்குள் 6,000 மெகாவாட் வரை வெளியிலிருந்து வாங்குவோம் என்று 2024இல் அறிவித்தார்கள். பரந்த நிலப்பரப்பில் ஓரிடத்தில் மேகம் இருந்தால் இன்னோர் இடத்தில் வெயில் இருக்கும். உறவு அகலமானால் சமநிலை எளிது.

உங்களில் பலருடைய வீட்டில், விடியற்காலை 4 மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் பாலத்தில் போகும்போது அவர்களோடு மின்சாரமும் கடல் தாண்டிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்!

நமக்கு இதில் என்ன?

"சார், அவங்க ஊரு கரண்டு, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, வெயில் இலவசம் என்பதால் மின்சாரமும் இலவசம் ஆகிவிடாது. பேட்டரிக்குக் காசு. மேகம் வரும்போது ஓடுவதற்காகக் காத்து நிற்கும் எரிவாயு யந்திரத்துக்கும் காசு. தகடு விற்க வருகிறவர் "இனிமே கரண்டு போகவே போகாது, பில்லே வராது" என்றால் நம்பிவிடாதீர்கள். தெருக்கம்பியோடு இணைத்த சாதாரணச் சூரியத் தகடு, லைன் போனால் தானும் அணைந்துவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறுகிறவர் உயிரைக் காக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அதற்காகச் சூரிய மின்சாரமே வேண்டாம் என்பதும் தவறு. நிலக்கரி வந்தபோதும் கஷ்டம் இருந்தது, வாயு வந்தபோதும் இருந்தது. ஒவ்வொரு முறையும் மனிதன் சமநிலை காக்கப் புதுவழி கண்டுபிடித்தான். இப்போதும் காண்கிறான்.

இரண்டாவது, பற்றாக்குறை வந்தால் யாருடைய விளக்கு முதலில் அணையும்? என் தாத்தா காலத்தில் எஞ்சின் தளர்ந்தால் லயத்து விளக்கைத்தான் முதலில் வெட்டுவார்கள். பங்களா விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சுவிட்சைத் தன் கையால் இறக்கியவர் என் தாத்தா. தன் வீட்டையும் சேர்த்துத்தான் இருட்டாக்கினார். "அந்த ஒரு வேலைதாண்டா எனக்குப் பிடிக்காது" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த இருட்டில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றிப் படித்தவர்தான் என் தந்தை. ஆஸ்பத்திரி விளக்கு கடைசிவரை எரியட்டும், அது நியாயம். மற்றபடி யாருக்கு முதலில் வெட்டுவது என்ற விதி எல்லோருக்கும் பொதுவாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்பதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மூன்றாவது, பெற்றோர்களே, இது உங்களுக்கு. கடலடிக் கம்பி, பேட்டரி, சூரியத் தகடு, கட்டுப்பாட்டு அறை, இவை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடும் தமிழ்த் தொழிலாளர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நகரத்தைக் கட்டும் உழைப்பில் அவர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. குழி வெட்டும் கை நம்முடையதாக இருப்பதில் வெட்கமில்லை. ஆனால் அந்த 50 என்ற எண்ணைக் காக்கும் நாற்காலியிலும் நம் பிள்ளை ஒருவன், ஒருத்தி உட்கார வேண்டாமா? ஆறாம் ஆண்டோடு கணக்கையும் அறிவியலையும் கைவிட்டால் அது நடக்காது. இன்று மேடையில் பரிசு வாங்கும் பிள்ளைகளும், அடுத்த ஆண்டு வாங்கப்போகும் பிள்ளைகளும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

என் கையைப் பிடித்து இழுத்த தம்பி! இதோ உன் பதில். சூரியன் போன பிறகும் சிராங்கூன் சாலையில் விளக்கு எரிந்ததற்குக் காரணம், எங்கோ எரிவாயு யந்திரத்தின் கனமான உருளை சுற்றிக்கொண்டிருந்தது. ஜூரோங் தீவில் பேட்டரிகள் தயாராக நின்றன. கடலுக்கு அடியில் ஒரு கம்பி நம் ஊரோடு கைகோத்திருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உனக்கும் எனக்கும் பெயர் தெரியாத யாரோ ஒரு எஞ்சின்காரர் அந்த இரவிலும் தூங்காமல் விழித்திருந்தார்.

இன்று நம் பள்ளி மண்டபத்தில் விளக்கு பிரகாசமாக எரிகிறது. அதைப் பார்க்கும்போது அவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.